தன் பாட்டையே காப்பியடித்தவர்

தன் பாட்டைத் தானே காப்பியடித்துவிட்டார் என்று ஒரு பாடகர் மீது வழக்குப் போட முடியுமா? போட்டார்கள். 1988-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஒரு ஜூரி உட்கார்ந்து அதை விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்ட ஜான் ஃபோகர்ட்டி கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். ராக் இசை உலகின் கோமாளித்தனங்களில் ஒன்றாக இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சட்டப்படி பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஏன் என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஃபோகர்ட்டி 1945-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். பக்கத்து ஊரான எல் செரிட்டோவில் ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் என்ற பள்ளிச் சிநேகிதர்களோடு குழு ஆரம்பித்தார். அண்ணன் டாமும் வந்து சேர்ந்தார். இரண்டு மூன்று பெயர் மாறி, 1968-ல் அது ‘க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்’ ஆனது. பாட்டைக் கேட்டவர்கள் இவர்கள் லூசியானா சதுப்புநிலத்துப் பையன்கள் என்றுதான் நினைத்தார்கள். படகு, ஆறு, சேறு, தெற்கத்திய உச்சரிப்பு எல்லாம் இருந்தன. அத்தனையும் வானொலியும் சினிமாவும் கேட்டும் பார்த்தும் ஒரு கலிஃபோர்னியாப் பையன் தனக்குள் கட்டிக்கொண்ட தெற்கு. அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, நன்றாகக் கட்டியிருக்கிறார்.

அப்போது அவர் ராணுவ ரிசர்வ் படையில் இருந்தார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம், எப்போது கூப்பிடுவார்களோ என்ற பயம். 1968-ல் ஒரு நாள் குடியிருப்பின் படிக்கட்டில் அரசாங்க உறை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் இவர் பெயருக்கு வந்த விடுவிப்புக் கடிதம். புல்வெளியில் குட்டிக்கரணம் அடித்துவிட்டு உள்ளே போய் கிதாரை எடுத்தார். அன்றைக்குப் பிறந்ததுதான் ‘ப்ரௌட் மேரி’. அடுத்த வருடம், 1969-ல் மட்டும் குழு மூன்று ஆல்பங்கள் வெளியிட்டது. குழுவின் காலம் முழுவதிலும் பில்போர்டு பட்டியலில் ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம்வரை ஏறின. ஒன்றுகூட முதலிடத்தைத் தொடவில்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது, தயாரித்தது எல்லாம் ஏறக்குறைய ஜான் ஒருவர்தான். அதனாலேயே மற்ற மூவருக்கும் புகைச்சல். 1971-ல் அண்ணன் விலகினார், 1972-ல் குழு கலைந்தது.

இனி ஒப்பந்தம். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டுமாகிய படைப்பு ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே விற்கலாம். பிரபலமாவதற்கு முன் கையெழுத்துப் போட்ட இளைஞர்கள் இரண்டையும் விட்டுக்கொடுத்தார்கள். அவை ஃபான்டசி ரெக்கார்ட்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் தலைவர் சால் ஜென்ட்ஸ், பின்னாளில் ‘அமேடியஸ்’, ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படங்களுக்காக ஆஸ்கர் வாங்கிய அதே தயாரிப்பாளர். ஒப்பந்தப்படி இன்னும் ஏகப்பட்ட பாட்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து கழன்றுகொள்ள, தனக்கு வரவேண்டிய ராயல்டியையும் ஃபோகர்ட்டி விட்டுக்கொடுத்தார். பஹாமாஸ் வங்கி ஒன்றில் போட்டிருந்த சேமிப்பும் போனது. 1975-க்குப் பிறகு பத்து வருடம் ஆல்பமே இல்லை.

1985-ல் வார்னர் வழியாக ‘சென்டர்ஃபீல்ட்’ வந்தது, முதலிடத்துக்குப் போனது. அதில் ‘தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு’ என்று ஒரு பாட்டு. 1970-ல் இவரே எழுதிய ‘ரன் த்ரூ த ஜங்கிள்’ பாட்டின் மெட்டுக்கு வேறு வார்த்தை போட்டது இது என்று ஃபான்டசி வழக்குத் தொடுத்தது. மாமரம் நட்ட தோப்பைக் கிரயம் எழுதிக் கொடுத்தவர், நட்டவன் நான்தானே என்று மறுநாள் உள்ளே போய்க் காய் பறித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். பழைய பாட்டைக் கேட்டதே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் இவரால் முடியாது.

அப்படியானால் என்னதான் மிச்சம்? பாணி மட்டும்தான். கூண்டில் கிதாரை மீட்டி, தன் பாட்டு எப்படி உருவாகிறது என்று ஜூரிக்குக் காட்டினார். அந்தத் தாளமும் கிதார் இழுப்பும் தன் கைப்பழக்கம். பாட்டை விற்கலாம், கைப்பழக்கத்தை எழுதிக் கொடுக்க முடியாது என்பதே வாதம். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

வழக்கில் ஜெயித்தாலும் வக்கீல் செலவு பெரும் தொகை. அப்போதெல்லாம் காப்புரிமை வழக்கில் வாதி ஜெயித்தால் செலவுத் தொகை ஏறக்குறைய தானாகக் கிடைத்தது. பிரதிவாதி ஜெயித்தாலோ, வழக்கு வீம்புக்குப் போடப்பட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாப் பகுதி நீதிமன்றங்கள் அப்படித்தான் நடந்துகொண்டன. ஃபோகர்ட்டி உச்ச நீதிமன்றம்வரை போனார். இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான் என்று 1994-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. முடிவில் 13 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கக் காப்புரிமை வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது.

இதற்கெல்லாம் முன்பு, குழு கலைந்த பிறகு பல வருடம் அவர் தன் பழைய பாட்டுகளை மேடையில் பாட மறுத்தார். பாடினால் ஜென்ட்ஸுக்குக் காசு போகும் என்ற கோபம். இப்படியே விட்டால் ‘ப்ரௌட் மேரி’ பாடகி டினா டர்னரின் பாட்டு என்றே ஊர் நினைத்துக்கொள்ளும் என்று பாப் டிலன் சொன்ன பிறகுதான் மனம் இளகியது. 1987 ஜூலை 4 அன்று வியட்நாம் போர் வீரர்களுக்கான கச்சேரியில் பாடினார். ஜென்ட்ஸ் மீதான கோபம் எனக்குப் புரிகிறது. கூட வாசித்தவர்கள் மீதான கோபம்தான் புரியவில்லை. 1993-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் குக்கையும் கிளிஃபோர்டையும் உட்கார வைத்துவிட்டு வேறு ஆட்களோடு பாடினார். அண்ணன் 1990-லேயே போய்விட்டார், சமாதானம் ஆகாமலே.

2004-ல் ஃபான்டசியை கான்கார்ட் நிறுவனம் வாங்கியது. ராயல்டி மறுபடி வர ஆரம்பித்தது. 2023 ஜனவரியில் தன் பாட்டுகளின் படைப்புரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி விலைகொடுத்து வாங்கினார், 77 வயதில். முதலில் சொன்ன இரண்டு சொத்துகளில் இது ஒன்றுதான். பழைய ஒலிப்பதிவுகள் கான்கார்டிடமே இருக்கின்றன. அதனால் மகன்கள் ஷேன், டைலர் இருவரையும் கூட வைத்துக்கொண்டு அதே பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிந்து 2025-ல் ‘லெகசி’ என்று வெளியிட்டார். பழைய பதிவிலிருந்து பெரிதாக விலகவே இல்லை. அதே வேகம், அதே இழுப்பு, 80 வயதுக் குரல். காப்பியடித்ததாக இந்த முறை யாரும் வழக்குப் போடவில்லை.