முகக் கோடுகளும் பெப்டைட் கிரீம்களும்: மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜ்டவுனில் மருந்தகங்களின் முகப்பூச்சு அடுக்குகளில் இப்போது ‘பெப்டைட்’ என்ற சொல்லை அடிக்கடி பார்க்கலாம். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களிலும் அதே சொல்தான். சில விளம்பரங்கள் இதை ‘ஊசி இல்லாத போடாக்ஸ்’ என்றே சொல்கின்றன. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஆசையாக வாங்கித் தந்த ஒரு குப்பி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இந்தக் கிரீம் முகத்தில் என்ன செய்கிறது? கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா? எதைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? இவற்றை இந்தக் கையேடு விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• பெப்டைட் கிரீம் மெல்லிய கோடுகளைச் சற்று மென்மையாக்கலாம். ஆழமான கோடுகளை அழிக்காது.
• அதனால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆபத்து, சில நாட்களிலேயே முகத்தை மாற்றிக் காட்டும் கிரீம்களில்தான் அதிகம்.
• முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடு திடீரென மறைந்தால், அது அழகு சார்ந்த விஷயம் அல்ல. உடனே 999-ஐ அழையுங்கள்.

கோடு எப்படி விழுகிறது?

சிரிக்கும்போது கண்ணோரத்திலும், வியப்படையும்போது நெற்றியிலும், வெயிலில் கண்ணைச் சுருக்கும்போது புருவங்களுக்கு நடுவிலும் தோல் மடிகிறது. கை, கால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகத்தசைகளில் பல, தோலையே இழுக்கின்றன. அதனால்தான் நம் மனத்தில் உள்ளது முகத்தில் தெரிகிறது.

இளவயதில் மடிந்த தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும், இழுபடும் தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதமும் அப்போது நிறைய இருக்கும். வயது கூடக்கூட இவை குறைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் கொலாஜன் இன்னும் வேகமாகக் குறைகிறது. வெயிலும் புகைபிடித்தலும் இந்த இழப்பை அதிகமாக்குகின்றன.

பட்டுச்சேலையை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால், விரித்த பிறகும் மடிப்பின் தடம் தெரியும். முகத்திலும் அப்படித்தான். சிரிக்கும்போது மட்டும் வந்துபோன கோடு, ஒரு காலத்திற்குப் பிறகு சும்மா இருக்கும்போதும் தங்கிவிடுகிறது. இது நோய் அல்ல. இதற்குச் சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெப்டைட் என்றால் என்ன?

நம் உடலில் உள்ள புரதங்கள், அமினோ அமிலம் என்ற சிறு மணிகளைக் கோத்த நீண்ட மாலைகளைப் போன்றவை. ஒரு புரதத்தில் நூற்றுக்கணக்கான மணிகள் இருக்கலாம். அந்த மாலையில் சில மணிகள் மட்டும் கொண்ட சிறு துண்டுதான் பெப்டைட். முகப்பூச்சுகளில் மூன்று வகைகள் அதிகம் காணப்படுகின்றன.

1. தசைக்குப் போகும் கட்டளையைக் குறைக்க முயல்பவை. பெட்டியில் ‘அசெட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8’ என்று இருக்கும். பழைய பெட்டிகளில் எண் 3 என்றும் இருக்கலாம். இதில் 6 மணிகள் உள்ளன.

2. கொலாஜன் உருவாக்கத் தூண்டுபவை. ‘பால்மிட்டோயில் பென்டாபெப்டைட்-4’ இந்த வகை. இதில் 5 மணிகளும், தோலுக்குள் நுழைய உதவியாக ஒரு கொழுப்பு அமிலமும் சேர்ந்துள்ளன. கொலாஜனின் ஒரு பகுதியைப் போலவே இது அமைக்கப்பட்டுள்ளது. உடைந்த கொலாஜன் துண்டு கிடப்பதாக எண்ணித் தோலின் உயிரணுக்கள் புதிய கொலாஜனை உருவாக்கும் என்பது இதன் அடிப்படை.

3. தாமிரத்தை எடுத்துச் செல்பவை. ‘காப்பர் டிரைபெப்டைட்-1’ இந்த வகை. இதில் 3 மணிகள். இந்தப் பெப்டைட் மனித இரத்தத்தில் இயற்கையாகவே இருப்பது 1973-இல் கண்டறியப்பட்டது.

போடாக்ஸோடு ஏன் ஒப்பிடுகிறார்கள்?

முதல் வகையைத்தான் போடாக்ஸோடு ஒப்பிடுகிறார்கள். காரணத்தைப் பார்ப்போம்.

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பிலிருந்து கட்டளை வர வேண்டும். நரம்பு முனையில் சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டுள்ள ஒரு வேதிப்பொருள் வெளியே கொட்டும்போது தசை சுருங்குகிறது. அந்தப் பை திறக்க, மூன்று புரதங்கள் சடை பின்னியதுபோல் ஒன்றோடொன்று இறுக முறுக்கிக்கொள்ள வேண்டும்.

போடாக்ஸ் ஊசி மருந்து அந்தச் சடையின் ஓர் இழையை வெட்டிவிடுகிறது. பை திறப்பதில்லை, தசை தளர்கிறது, கோடு மங்குகிறது. இந்த விளைவு பொதுவாக 3 முதல் 4 மாதங்கள் நீடிக்கும்.

அசெட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8 எதையும் வெட்டுவதில்லை. அதே இழையின் ஒரு நுனியைப் போலவே அது இருக்கிறது. நீளமான இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டை இழை புகுந்துகொண்டால் பின்னல் இறுகாது அல்லவா? அதுபோலத் தசைக்குப் போகும் கட்டளை சற்றுக் குறையலாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் தோல் இல்லை. உங்கள் முகத்தில் இருக்கிறது.

தோல் ஒரு வேலி

நம் தோலின் மேலடுக்கு தாளைவிட மெல்லியது. ஆனாலும் வெளிப்பொருள் எதுவும் எளிதில் உள்ளே போக முடியாதபடி அது காக்கிறது. மூலக்கூறின் எடையை அளக்க ‘டால்டன்’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்டவை நலமான தோலைக் கடப்பது கடினம் என்பது மருத்துவத் துறையில் பொதுவான கணக்கு. அசெட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8 ஏறத்தாழ 889 டால்டன் எடை கொண்டது. தசையையும் நரம்பு முனையையும் அடைய அது தோல் முழுவதையும் கடந்தாக வேண்டும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவியலாளர்கள் 2015-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இறந்தவர்கள் தானமாக அளித்த தோலில் இந்தப் பெப்டைட் கலந்த கிரீமைத் தடவி, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய முழுவதும் மேற்பரப்பிலேயே இருந்து, கழுவியபோது போய்விட்டது. உள்ளே நுழைந்தது 1 விழுக்காடு கூட இல்லை. அந்தச் சிறு அளவும் பெரும்பாலும் மேலடுக்கிலேயே நின்றுவிட்டது. தோலின் அடிப்பகுதியில் அது காணப்படவில்லை.

அப்படியானால் பலனே இல்லையா?

சிறிது பலன் தெரிந்ததாக ஆய்வுகள் உண்டு. இந்தப் பெப்டைடை உருவாக்கிய ஸ்பெயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 10 விழுக்காடு பெப்டைட் கரைசல் கலந்த கிரீமை 30 நாட்கள் பூசியபோது, கோட்டின் ஆழம் 30 விழுக்காடு வரை குறைந்ததாக அது கூறியது. ஆனால் பங்கேற்ற பெண்கள் 10 பேர் மட்டுமே.

பென்டாபெப்டைட் பற்றிய ஆய்வு 2005-இல் வந்தது. 93 பெண்கள் 12 வாரங்கள் முகத்தின் ஒரு பக்கம் பெப்டைட் உள்ள கிரீமையும், மறுபக்கம் பெப்டைட் இல்லாத அதே கிரீமையும் பூசினார்கள். பெப்டைட் பூசிய பக்கத்தில் மெல்லிய கோடுகள் சற்றே குறைந்திருந்தன. பங்கேற்றவர்கள் 35 முதல் 55 வயது வரையிலானவர்கள். எனவே 65 அல்லது 75 வயதில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தோலுக்கு ஈரப்பதம் தரும் எந்தக் கிரீமும் சில மணி நேரத்திற்கு மெல்லிய கோடுகளை மங்கலாக்கும். ஈரமான தோல் சற்று உப்புவதே காரணம். எனவே நீங்கள் காணும் மாற்றத்தில் ஒரு பகுதி, விலை குறைந்த ஈரப்பதக் கிரீமிலும் கிடைக்கக்கூடியதுதான்.

உங்களுக்குப் பிடித்திருந்து, செலவும் கட்டுப்படியானால் பெப்டைட் கிரீமைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மருந்துக்கும் உணவுக்கும் ஒதுக்கிய பணத்தில் மட்டும் அதை வாங்காதீர்கள்.

வேகமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள்

நல்ல பெப்டைட் கிரீம் மெதுவாகவே வேலை செய்யும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்து, பளபளத்து, கோடுகளும் மறைந்தால், அதில் பெட்டியில் எழுதாத ஏதோ ஒன்று கலந்திருக்கலாம். அழகுப் பொருள்களில் பாதரசம், ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டு, மலேசியாவில் பல பொருள்களின் அறிவிப்பு ரத்து செய்யப்பட்டிருக்கிறது.

• பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி ஆகியவற்றை முதுமையின் அறிகுறி என்று எண்ணி விட்டுவிடக்கூடும். பூசியவரின் கை, துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கும் அது பரவலாம்.
• ஸ்டீராய்டு தோலை மேலும் மெலியச் செய்யும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். ஏற்கெனவே மெலிந்திருக்கும் முதியோர் தோலுக்கு இது கூடுதல் கேடு.
• ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினோயினும் மருத்துவரின் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டிய மருந்துகள். கடையில் வாங்கும் அழகுக் கிரீமில் இவை இருக்கக் கூடாது.

வாங்கும் முன்

1. மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளும் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-வுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு எண் ‘என்.ஓ.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அமைப்பின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைக் கொண்டும் தேடலாம். வீட்டிலுள்ள இளையோரிடம் தேடித் தரச் சொல்லுங்கள்.
2. அறிவிப்பு எண் இருப்பதாலேயே அரசு அந்தக் கிரீமைச் சோதித்து, பலனுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டது என்று பொருளாகாது. பாதுகாப்புக்கு அந்த நிறுவனமே பொறுப்பு. சந்தைக்கு வந்த பொருள்களை அதிகாரிகள் பின்னர் சோதிக்கிறார்கள்.
3. தயாரித்தவர் பெயர், உட்பொருள் பட்டியல், தொகுதி எண் இல்லாத குப்பியை வாங்க வேண்டாம். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.
4. முகத்தில் பூசும் முன், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாட்கள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் பயன்படுத்தாதீர்கள்.

போடாக்ஸ் என்பது மருந்து. அதைத் தகுதி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே கிளினிக்கில் போட வேண்டும். அழகு நிலையத்திலோ வீட்டிலோ போட்டுக்கொள்ளாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

குடையும் நிழலும்

கோடுகள் மேலும் ஆழமாகாமல் தடுக்க, நம் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது வெயில். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. வெயில் தடுப்புக் கிரீமை நாள்தோறும் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பம்போல் எப்போதாவது பூசியவர்களைவிட நாலரை ஆண்டுகளில் 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

தண்ணீர்மலைப் பூங்காவிலோ கர்னி கடற்கரையிலோ நடப்பவர்கள் காலை 9 மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியே போகும்போது குடையோ அகலமான தொப்பியோ எடுத்துச் செல்லுங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் கிரீமைப் பூசி, வெயிலிலேயே இருந்தால் 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். புகைபிடிப்பவர்கள் நிறுத்தினால் தோலுக்கும் நல்லது, இதயத்திற்கும் நல்லது.

கோடு திடீரென மறைந்தால்

இந்தக் கையேட்டில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரம் வரை இறங்கும் கோடு நம் எல்லாருக்கும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அந்தக் கோடு திடீரெனத் தட்டையாகி, வாய் ஒரு பக்கம் சரிந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். முகத்தசைக்குக் கட்டளை போகவில்லை என்பதையே அது காட்டுகிறது.

• சிரிக்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் சரிகிறதா?
• இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒரு கை கீழே இறங்குகிறதா?
• ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்: பேச்சு குழறுகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முகவாதம் என்ற வேறு நோயிலும் முகம் இப்படிச் சரியும். எது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

முகத்தில் சில வாரங்களாகியும் ஆறாத புண், வளரும் கட்டி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம் இருந்தாலும் கிரீம் பூசி மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாரிடம் கேட்கலாம்?

நீங்கள் வழக்கமாகச் செல்லும் அரசு சுகாதாரக் கிளினிக்கிலோ மருந்தகத்திலோ உள்ள மருந்தாளுநரிடம் குப்பியையும் பெட்டியையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். கிரீமால் நஞ்சு ஏறியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடமும் ஆலோசனை கேட்கலாம். குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று கண்டறிய அது உதவும். பிள்ளைகள் வாங்கித் தந்ததாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.