ஃப்ரீலான்ஸ் வருமானம்: வரிக் கணக்கில் சரியாகக் காட்டுவது எப்படி?

நம் பிள்ளைகளில் பலர் இன்று அலுவலகம் போகாமலே சம்பாதிக்கிறார்கள். ஒருவர் இணையதளம் அமைத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் வீடியோ எடிட் செய்கிறார். வெளிநாட்டில் வாழும் குழந்தைகளுக்கு ஆன்லைனில் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஹாஃபிழ்களும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது; செய்த வேலைக்குக் கூலி. இதைத்தான் ஃப்ரீலான்ஸ் வருமானம் என்கிறோம்.

இந்த வருமானம் ஹலாலா என்று நம்மிடம் கேட்கிறார்கள். இதை வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. "நமக்கு வரியே வராது, எதற்குக் காட்ட வேண்டும்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். "காட்டினால் மாட்டிக்கொள்வோம்" என்று பயந்து சிலர் மறைக்கிறார்கள். இரண்டினாலும் நஷ்டம் குடும்பத்துக்குத்தான். 2025-26 நிதியாண்டின் வருமானத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

இது சம்பளம் அல்ல

பலர் செய்யும் முதல் தவறு, ஃப்ரீலான்ஸ் பணத்தைச் சம்பளம் என்றோ இதர வருமானம் என்றோ எழுதி, எளிதாக இருக்கிறது என்பதற்காக ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் தாக்கல் செய்வது. சுயமாகத் தொழில் செய்து வரும் பணம், 'தொழில் அல்லது உத்தியோக வருமானம்' என்ற தலைப்பில் வர வேண்டும். அதற்குரிய படிவங்கள் ஐ.டி.ஆர்.-3, ஐ.டி.ஆர்.-4.

கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இரவில் ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். புதிய வரி முறையில் உள்ள 75,000 ரூபாய் நிலைக் கழிவு சம்பளத்துக்கு மட்டுமே உண்டு. சம்பளமே இல்லாத ஃப்ரீலான்ஸர் அதைக் கழிக்க முடியாது.

கையில் வந்த தொகை அல்ல, முழுத் தொகை

50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தரும் கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 60,000 ரூபாய்க்கு பில் போட்டால் வங்கிக்கு வருவது 54,000. வருமானமாக எழுத வேண்டியது 60,000. பிடித்த 6,000 நம் பெயரில் அரசிடம் ஏற்கெனவே கட்டப்பட்ட வரி. அதைத் தனியாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

டி.டி.எஸ். பிடிக்காத பணத்துக்கு வரி இல்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஜிபேயில் வந்தாலும், ரொக்கமாக வந்தாலும், லண்டனிலிருந்து வந்தாலும், இந்தியாவில் வசிப்பவருக்கு அது வருமானமே.

தாக்கல் செய்யும் முன் வருமான வரி இணையதளத்தில் 26ஏ.எஸ். அறிக்கையையும், ஏ.ஐ.எஸ். எனும் வருடாந்திரத் தகவல் அறிக்கையையும் எடுத்து நம் கணக்கோடு ஒப்பிட வேண்டும். நம் பான் எண்ணில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், வங்கி எவ்வளவு வட்டி வரவு வைத்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். அங்கே இல்லாத வரவுகளையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

இணையதளம் அமைத்துத் தரும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 9,00,000 ரூபாய். அதில் 6,00,000 கொடுத்தவர்கள் 60,000 டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். வங்கி வட்டி 6,000.

வருமான வரிச் சட்டத்தின் 44ஏ.டி.ஏ. பிரிவு குறிப்பிட்ட சில தொழில்களுக்கு ஒரு வசதி தருகிறது. வரவில் 50 சதவீதத்தையோ, அதைவிடக் கூடுதலாக அவரே அறிவிக்கும் தொகையையோ இலாபமாகக் காட்டினால் போதும். செலவுக் கணக்கேடு வைக்கத் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள், இருக்க வேண்டும்.

இதன்படி அவருடைய தொழில் வருமானம் 4,50,000. வட்டியைச் சேர்த்தால் 4,56,000. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 56,000க்கு 5 சதவீதம், அதாவது 2,800. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் நீங்கிவிடும். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 60,000 ரூபாயும் அவருக்குத் திரும்ப வர வேண்டும். பயந்து தாக்கல் செய்யாமல் இருந்தால், இழப்பது தன்னுடைய பணத்தையேதான்.

வரி வராவிட்டாலும் அவர் தாக்கல் செய்தாக வேண்டும். மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலோ, உத்தியோக வரவு 10 லட்சத்தைத் தாண்டினாலோ, டி.டி.எஸ். 25,000 ரூபாயை எட்டினாலோ ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை, 12 லட்சம் வரை கணக்கே இல்லை என்று புரிந்துகொள்ளக் கூடாது.

பட்டியலில் இல்லாதவர்கள்

சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் போன்றவை 44ஏ.டி.ஏ. பட்டியலில் உள்ளன. ஆன்லைனில் பாடம் நடத்துவதும் மொழிபெயர்ப்பும் அதில் இல்லை. இப்படிப்பட்டவர்கள் உண்மையான வரவு செலவை எழுதி ஐ.டி.ஆர்.-3 தாக்கல் செய்வது நேரான வழி. இணையக் கட்டணம், லேப்டாப்பின் தேய்மானம், தொழிலுக்கான மின்சாரம் ஆகியவற்றை ரசீதோடு கழிக்கலாம். வீட்டுச் செலவைத் தொழில் செலவாக எழுதக் கூடாது. வேறு வழி தமக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டி.டி.எஸ். போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும். 44ஏ.டி.ஏ. முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. மற்றவர்களுக்கு நான்கு தவணைகள்.

வட்டி, ஜகாத், மனைவியின் கணக்கு

நம் குடும்பங்களுக்கே உரிய மூன்று விஷயங்களையும் இங்கே சொல்ல வேண்டும்.

வங்கி வட்டியை நாம் பயன்படுத்துவதில்லை. ஸவாபை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அதனால் அதைக் கணக்கில் எழுதத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது நம் பெயரில் வரவான வருமானம். எழுதியே ஆக வேண்டும். ரீஃபண்டோடு வரித்துறை தரும் வட்டிக்கும் இதுவே விதி.

ஜகாத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. அதேபோல, வரி கட்டியது ஜகாத் ஆகிவிடாது. அது நாட்டுச் சட்டம் விதித்தது. இது அல்லாஹ் விதித்த கடமை.

மூன்றாவது, சொந்த உழைப்பின் பணத்தை மனைவியின் அல்லது தாயாரின் பான் எண்ணுக்கு அனுப்பச் சொல்வது. சட்டப்படி அது உழைத்தவரின் வருமானம். மார்க்கத்திலும் மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. கணவனின் சம்பாத்தியத்தை அவள் பெயரில் எழுதினால் அவளுடைய வரிக் கணக்கும் ஜகாத் கணக்கும் சேர்ந்தே குழம்பும். மனைவியே உழைத்துச் சம்பாதித்தால் அவள் பெயரில் தனி ரிட்டர்ன் தாக்கல் செய்வதுதான் முறை.

துபாயிலிருந்து சகோதரர் அன்பளிப்பாக அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அதுவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பின்னால் பிரித்துக் காட்டுவது சிரமம். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடுபட்டிருந்தால்

கெடு தாண்டித் தாக்கல் செய்தால் தாமதக் கட்டணம் உண்டு: மொத்த வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய். முந்தைய ஆண்டுகளில் விட்டுப்போன வருமானத்தை, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 4 ஆண்டுகள் வரை புதுப்பித்த ரிட்டர்ன் மூலம் காட்டலாம். வரி, வட்டி இவற்றின் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதமும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70 சதவீதமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த வழியில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

துறையே கண்டுபிடித்தால் நிலைமை வேறு. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்யாகக் காட்டியிருந்தால் 200 சதவீதம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடும்பத்துக்கான சான்று

ஃப்ரீலான்ஸருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அவர் என்ன சம்பாதித்தார் என்பதற்கு ரிட்டர்ன்தான் வலுவான சான்று. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கான விசாவுக்கு அதைக் கேட்பார்கள். அல்லாஹ் காப்பானாக, அவர் சாலை விபத்தில் இறந்துவிட்டால், குடும்பத்துக்கான இழப்பீட்டை நிர்ணயிக்கும் தீர்ப்பாயமும் அதைத்தான் பார்க்கும். மாதம் 75,000 ரூபாய் சம்பாதித்தவர் எதையும் காட்டாமல் போயிருந்தால், அவருடைய மனைவி மக்கள் அந்த வருமானத்தை எதை வைத்து நிரூபிப்பார்கள்?

ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் எண்ணும் தேதியும் இட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை எழுதுங்கள். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் ரிட்டர்னை உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம். "ரீஃபண்ட் அதிகம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி இல்லாத கழிவுகளை எழுதுபவர்களிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

ரிட்டர்னின் முடிவில், இதில் உள்ளவை நான் அறிந்தவரை சரியானவை, முழுமையானவை என்ற உறுதிமொழி இருக்கிறது. யார் தயாரித்துக் கொடுத்தாலும் அந்த உறுதிமொழி நம்முடையது. பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அந்த இடத்தில் அலட்சியமாக இருக்க முடியாது. நேர்மையான சம்பாத்தியத்தையும் அதில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.