தேவாலயத்தில் இடமில்லை, வீட்டு முன்னறை சபையானது

2018 முதல் ஆண்டுதோறும் ஜூன் 22-ஆம் தேதி பிரிட்டனில் விண்ட்ரஷ் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1948-இல் அதே நாளில்தான் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் வந்த கரீபியன் தீவு மக்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினர். அடுத்து வந்த பல்லாயிரம் பேர் பஸ் ஓட்டினர், மருத்துவமனைகளில் தாதியராகப் பணியாற்றினர். போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் தவித்த நாட்டுக்கு அவர்களின் உழைப்பு தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நிலவரம் வேறு.

வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். அந்த மதத்தைத் தீவுகளில் பரப்பியதில் ஆங்கிலேயருக்குப் பெரும் பங்குண்டு. அதனால், இங்கிலாந்துத் தேவாலயமும் தங்களுடையதே என்று நம்பிப் போனார்கள். 1955-இல் ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞர் கார்மல் ஜோன்ஸ் அப்படித்தான் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குச் சென்றார். ஆராதனை முடிந்ததும் பாதிரியார் வந்ததற்கு நன்றி சொல்லி, இனி வராமல் இருந்தால் நல்லது என்றும் சொல்லி அனுப்பினார். கறுப்பினத்தவர் உடன் இருப்பது சபையாருக்குச் சங்கடமாம்! எல்லாத் தேவாலயங்களும் இப்படி இல்லை. ஆனாலும், இத்தகைய அவமதிப்புகளுக்காக 2020 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அதற்குள் 65 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. வீட்டு முன்னறையில் கூடி ஜெபித்தார்கள். கூட்டம் பெருகியதும் மண்டபங்களை வாடகைக்கு எடுத்தார்கள். 1953-இல் வுல்வர்ஹாம்ப்டனில் ஆலிவர் லைசெய்ட் சிலரோடு தொடங்கிய கூட்டம், இன்று பிரிட்டனின் பெரிய கறுப்பினச் சபைகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது.

அங்கே பாட்டும் பிரசங்கமும் மட்டுமல்ல, எங்கே வேலை இருக்கிறது, யார் அறை தருவார் என்ற தகவலும் கிடைத்தது. நிறத்தைக் காட்டி வீடு மறுப்பது 1968 வரை சட்டப்படி குற்றமில்லை. வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. கைகொடுத்தது ‘பார்ட்னர்’ என்ற சேமிப்பு முறை. நம் தோட்டங்களில் போடும் கூட்டுப் பணமேதான்: ஆளுக்கு வாரம் இவ்வளவு என்று போடுவார்கள், திரளும் தொகை முறைவைத்து ஒவ்வொருவராகக் கைக்கு வரும். பணத்தைப் பிடிப்பவர் மேல் நம்பிக்கை இருந்தால் போதும், பத்திரம் வேண்டாம். வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களும், ஊரிலிருந்த பிள்ளைகளை வரவழைத்தவர்களும் இந்தப் பணத்தில்தான் செய்தார்கள்.

கார்மல் ஜோன்ஸ் பின்னாளில் பெந்தெகொஸ்தே போதகரானார். 1980-இல் சபையாருக்காக ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார். வங்கி திருப்பி அனுப்பியவர்கள் அங்கே கடன் வாங்கினர். பல சபைகள் சொந்தக் கட்டடம் வாங்கியதும் அதன் உதவியால்தான்.