ஆலைக்குளத்து நாற்றத்தில் அடங்கிக் கிடக்கும் மின்சாரம்

செம்பனை ஆலை உள்ள தோட்டங்களில் வாழ்கிற நம் மக்களுக்கு ஆலைக்குளத்து நாற்றத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காற்று லயத்துப் பக்கம் திரும்பிவிட்டால் போதும், "குளம் நாற ஆரம்பிச்சிருச்சு, சன்னலைச் சாத்து!" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். சோறு இறங்காது. காயப்போட்ட துணியிலும் அந்த வாடை ஏறிக்கொள்ளும்.

ஆனால் அந்தக் குளத்திலிருந்து கிளம்புவது வெறும் நாற்றம் மட்டுமல்ல. அதோடு சேர்ந்து மின்சாரமும் வீணாகப் போகிறது! மாற்றுச் சக்தி, மாற்றுச் சக்தி என்று உலகமே பேசுகிறதே, அதில் ஒன்று நம் கொல்லைப்புறத்திலேயே கொப்பளித்துக்கொண்டு கிடக்கிறது. குப்பையில் கிடக்கும் குண்டுமணி என்பது இதுதான்.

குளத்துக்குள் நடப்பது என்ன?

லோரி கொண்டுவந்து கொட்டும் குலைகளை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். 1 டன் குலைக்குச் சுமார் 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். பழத்து நாரும் கொட்டை ஓடும் கொதிகலனுக்குப் போகின்றன. அவற்றை எரித்துக் கிடைக்கும் நீராவியில்தான் ஆலையின் டர்பைன் சுற்றுகிறது. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்வது செம்பனை ஆலையின் வழக்கம். ஆலையில் வேலை செய்யும் எவரும் இதை அறிவர்.

மிஞ்சுவது கழிவுநீர். 1 டன் குலைக்கு ஏறத்தாழ 650 லிட்டர் வரும். பழுப்பு நிறத்தில் சுடச்சுட வெளியேறும் இந்த நீரை வரிசையாக வெட்டிய குளங்களில் தேக்கி வைக்கிறார்கள். காற்றுப் புகாத அடி ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலுள்ள சக்கையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. இந்தியக் கிராமங்களில் மாட்டுச் சாணத்தைத் தொட்டியில் கரைத்து அடுப்பெரிக்கிறார்களே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

அந்த வாயுவில் 60 விழுக்காட்டுக்குமேல் மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் நன்றாக எரியும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை போல நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. அளவில் கொஞ்சம்தான் என்றாலும் பொல்லாதது.

குளத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டால், அல்லது கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டால், வாயு முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். நாற்ற வாயுவை அதிலிருந்து கழுவி நீக்கிவிட்டு எஞ்சினில் எரித்தால் மின்சாரம் தயார்!

கணக்குப் பார்ப்போம். 1 டன் கழிவுநீரில் சுமார் 28 கனமீட்டர் வாயு கிடைக்கும். 1 கனமீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். அப்படியானால் நம் தொழிலாளி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வெட்டிச் சாய்க்கும் ஒவ்வொரு டன் குலையின் கழிவிலும் 35 யூனிட் வரை இருக்கிறது. நாளுக்கு 10 யூனிட் செலவாகும் வீட்டுக்கு அது மூன்று நாள் மின்சாரம். ஒரு காலத்தில் பல தோட்டங்களில் லயத்துக்கு இரவில் சில மணி நேரம்தான் எஞ்சின் கரண்டு கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஆறு தப்பியது, காற்று கெட்டது

ஆலைகள் பெருகிய காலத்தில் இந்தக் கழிவு நேராக ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதை வைத்து அதன் கடுமையை அளப்பார்கள். ஆலையிலிருந்து வெளியேறும்போது அந்த அளவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு 1978-ல் 5,000 என்று வரம்பு கட்டினார்கள். படிப்படியாகக் குறைத்து 1984-ல் 100 ஆக்கினார்கள். அதற்காகத்தான் இந்தக் குளங்கள் பெருகின.

தண்ணீருக்குச் செய்த வைத்தியம் காற்றுக்கு வியாதியாயிற்று. திறந்த குளத்து மீத்தேன் ஆகாயத்துக்குப் போகிறது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு அது பூமியைச் சூடாக்குகிறது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 1917-ல் மலாயாவில் செம்பனையை வணிகமாக முதலில் நட்ட தோட்டம் சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டம். அங்குள்ள ஆலையில் 1980-களிலேயே மூடிய தொட்டிகளில் வாயு பிடித்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். 2014 முதல், புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும், அல்லது அது உண்டாகாமல் தடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. 2020-க்குள் எல்லா ஆலைகளிலும் இந்த வசதி என்ற இலக்கோ நிறைவேறவில்லை.

காரணம் என்ன? முதலீடு பெரிது. ஆலைக்கு வேண்டிய கரண்டு நாரிலும் ஓட்டிலுமே கிடைத்துவிடுகிறது. மிச்சத்தை விற்கலாமென்றால், காட்டுக்குள் இருக்கும் ஆலைக்கு மின்கம்பி வெகுதூரம் இழுக்கவேண்டும். சில இடங்களில் பிடித்த வாயுவைச் சும்மா கொளுத்திவிடுகிறார்கள். மீத்தேனாக விடுவதைவிட அது மேல். ஆனால் சக்தி சாம்பல்கூட மிஞ்சாமல் போகிறது.

விலை இல்லாத சக்தி இல்லை

மாற்றுச் சக்தி என்றாலே தீமை இல்லாதது என்று நம்பிவிடக்கூடாது. சரவாக்கின் பக்குன் அணை 2,400 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. அதற்காகச் சுமார் 700 சதுர கிலோமீட்டர் நிலம் நீரில் மூழ்கியது. 10,000 பேர் அளவில் பூர்வீக மக்கள் 1990-களின் இறுதியில் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். செம்பனையிலும் அப்படித்தான். காட்டை அழித்து நட்டுவிட்டு, குளத்தை மட்டும் மூடினால் கணக்குச் சரியாகிவிடாது.

ஆலைவாயுவுக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க நேர்வது நம்மவருக்குத்தான். தொட்டியிலோ குழியிலோ தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். "வாடை நின்னு போச்சு, இனிமே எறங்கலாம்" என்று நினைப்பதுதான் எமன் விரிக்கும் வலை. சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கப் பதறிக் குதிப்பவனும் அவன் பக்கத்திலேயே விழுவான். மீத்தேனோ 5 முதல் 15 விழுக்காடு வரை காற்றில் கலந்திருந்தால் பீடி பற்றவைக்கும் நெருப்பே வெடிக்கச் செய்யும்.

ஆகவே ஆலையில் வேலை செய்யும் அண்ணன் தம்பிகளே! கருவியால் வாயுவைச் சோதித்து, எழுத்தில் அனுமதி தந்து, வெளியே கயிற்றோடு ஒரு காவல் ஆளை நிறுத்தாத வரையில் தொட்டிக்குள் கால் வைக்காதீர்கள். "சும்மா எறங்குடா, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று மண்டோர் சொன்னாலும் இறங்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதைப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

குளத்தை மூடுங்கள் என்று நிர்வாகத்திடம் சங்கத்தின் வழியாகக் கேட்பது நமது உரிமை. மூடிய பிறகு, அதன் பக்கத்தில் வேலை செய்பவன் மாலையில் உயிரோடு வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்று கேட்பதும் நமது உரிமைதான். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.