தோட்டத்தில் கேட்டவையும் கண்டவையும்

பங்குக் குருமனைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. திருமண ஓலைக்கான விவரங்கள், ஞானஸ்நானச் சான்றிதழுக்கான விண்ணப்பம், வேலித் தகராறு என ஏதேனும் ஒன்று கையில் இருக்கும். அவற்றோடு, முற்றத்துச் செடிகளைக் கண்டதும் ஓர் அறிவுரையும் தவறாமல் வந்து சேரும். ரோஜாவுக்கு முட்டை ஓடு போடுங்கள். தக்காளியைச் சுற்றிச் செண்டுமல்லி வையுங்கள். வெட்டிய கொம்பில் சாணம் பூசுங்கள். பணமின்றிக் கிடைக்கும் பொருள் என்பதாலோ என்னவோ, தோட்ட அறிவுரையை எவரும் உரசிப் பார்ப்பதில்லை. நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினோம். வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்தோம்.

அவ்வாறு நாம் கொடுத்த ஓர் அறிவுரையின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண், ஆலயத்து மதிலை ஒட்டிய தம் கொல்லையில் மிளகாய் நாற்று வளர்த்துச் சந்தையில் விற்று வந்தார். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அதுவே ஆதாரம். காலைத் திருப்பலி முடிந்து நின்றவர், நாற்று நடுப்பகலில் துவண்டு போகிறது, ஒரு பூவாளித் தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்டார். நாம் சிறிதும் தயங்காமல், "வேண்டாம் அம்மா. வெயிலில் இலைமேல் நிற்கும் ஒவ்வொரு துளியும் பூதக்கண்ணாடி போலக் கதிரைக் குவித்து இலையைச் சுட்டுவிடும். மாலையில் ஊற்றுங்கள்" என்றோம். சிறு குருமடத் தோட்டத்தில் பதினைந்து வயதில் கேட்ட பாடம் அது. அந்த வாரம் அனல் காற்று வீசியது. மூன்றாம் நாள் நாற்றங்கால் வைக்கோலாய்க் கிடந்தது. அவர் நம்மைக் குறை கூறவில்லை. "சாமி சொன்னாங்களேன்னு பொழுது சாயிற வரைக்கும் பொறுத்திருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அதைவிடக் குறை கூறியிருக்கலாம்.

அதன் பின்னரே, நாம் சொன்னது உண்மைதானா என்று தேடத் தொடங்கினோம். அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், எட்வெஷ் லோரான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிவியலார் இதே கேள்வியைக் கையிலெடுத்து, 2010-இல் முடிவை வெளியிட்டிருந்தார்கள். மேப்பிள் மர இலைகளின்மேல் சிறு கண்ணாடி உருண்டைகளை வைத்து வெயிலில் காட்டினார்கள், இலை கருகியது. அதே போன்ற இலைகளில் நீர்த்துளிகளை வைத்துக் காட்டினார்கள், கருகவில்லை. காரணம் எளிது. மழமழப்பான இலையில் விழும் துளி உருண்டையாய் நிற்பதில்லை, தட்டையாய்ப் படிகிறது. அது கதிரைக் குவிக்கும் இடம் இலைக்கு மிகக் கீழே போய்விடுகிறது. கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில் குவியம் இலைமேல் விழலாம் என்றாலும், அப்போது வெயிலுக்குச் சுடும் வலிமை இல்லை. போதாததற்கு, நீர் இலையைக் குளிர்வித்துக் கொண்டும் இருக்கிறது.

விலக்கும் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நாம் மீண்டும் பழைய பிழையையே செய்தவராவோம். நீரில் மிதக்கும் ஒருவகைப் பெரணியின் இலைகளில் மெழுகு பூசினாற்போன்ற நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை துளியை உருண்டையாகவே மேலே தாங்கி நிற்பதால், அங்கே இலை கருகவே செய்தது. மிளகாய்க்கு அத்தகைய மயிர் இல்லை.

அப்படியாயின் முன்னோர் கண்டது என்ன? வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயில் முதலில் வரும் நீர் கையைச் சுடும், இளந்தளிரையும் சுடும். உப்புநீரை இலைமேல் தெளித்தால், நீர் ஆவியானபின் தங்கும் உப்பு இலை விளிம்பைக் கருக்கும். நம் ஊர்க் கிணறுகள் பலவும் எத்தகையவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கருகலைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் துளியின்மேல் போட்டுவிட்டார்கள். அதிகாலையில் ஊற்றுவதே இன்றும் சிறந்தது; வீணாக ஆவியாவது குறையும். ஆனால் நண்பகலில் செடி துவண்டால், முதலில் விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அது வெயிலின் தற்காலிகச் சோர்வு, மாலையில் தானே நிமிரும். காய்ந்திருந்தால் மணியைப் பாராமல் வேரில் நீர் விடுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒருவர் தோட்டத்தில் ஒன்றைச் செய்தார், செடி செழித்தது, இது போதாதா? போதாது. அந்த ஆண்டு மழை நன்றாயிருந்திருக்கலாம். அந்த மூலையில் பழைய எருக்குழி இருந்திருக்கலாம். இன்று செக் நாட்டில் உள்ள புருனோ நகரில், புனித தோமையார் மடத்துத் தோட்டத்தில், அகுஸ்தீனார் சபைக் குருவான கிரகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்தார். பெரும்பாலும் உருண்டை விதை, சில சுருங்கிய விதை என்று எழுதி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டாம் தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850 என்று எண்ணி எழுதினார். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் அவ்வாறுதான் வெளிப்பட்டது.

எண்ணுவது மட்டுமும் போதாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரே தேர்ந்தால், அவரை அறியாமலே நல்ல பாத்தி அவருக்குப் பிடித்த உரத்துக்குப் போய்விடும் என்று கண்டார். ஆகவே திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள் என்றார். 1935-இல் வெளிவந்த அவர் நூலில் ஒரு தேநீர்க் கதை உண்டு. கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கு இவ்வாறு, நான்கு அவ்வாறு, வரிசை குலுக்கல் முறையில். வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. இந்த எட்டுக் கோப்பைகள் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

இதையெல்லாம் படித்த பெருமிதத்தில் நாம் இழைத்த இரண்டாம் பிழை, நம் உபதேசியாரைப் பற்றியது. எழுபது வயதைக் கடந்த அவர், பூத்தொட்டியில் மண் இடுமுன் அடியில் ஓட்டுச்சில்லும் சரளையும் பரப்புவார். நீர் வடியும் என்பது அவர் நியாயம். நாமோ அதற்கு மறுப்பைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வால்ட்டர் கார்ட்னர் என்ற மண்ணியலார், 1950-களில் கண்ணாடித் தடுப்புக்குப் பின் மண்ணை நிரப்பி, நீர் இறங்குவதைப் படம் பிடித்துக் காட்டினார். நுண்ணிய மண்ணிலிருந்து கரடான அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேல்மண் தெவிட்டும்வரை எல்லையிலேயே தயங்கி நிற்கிறது. ஆகவே சில்லு போட்டால் ஈரம் வடிவதற்குப் பதிலாக வேருக்கு அருகே ஏறும் என்று தோட்டக்கலை நூல்கள் பல எழுதின. நாம் குளியல் ஸ்பாஞ்சு ஒன்றை நனைத்து உபதேசியாருக்குப் பாடமே நடத்தினோம். கிடையாகப் பிடித்தால் சொட்டு நின்றுவிடுகிறது; அதையே நெட்டுக்குத்தாய் நிறுத்தினால் மேலும் நீர் வடிகிறது. உயரம் குறைந்தால் ஈரம் தங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர் தலையசைத்துவிட்டு, மறுநாளும் சில்லு போட்டார். பிடிவாதம் என்று நினைத்தோம்.

2025-இல் பிளோஸ் ஒன் என்னும் ஆய்விதழில் வந்த கட்டுரை நம்மைத் தலைகுனிய வைத்தது. தொட்டிகளில் பலவகை மண் கலவைகளை இட்டு, அடியில் கரடான பொருள்களைப் பரப்பியும் பரப்பாமலும், எவ்வளவு நீர் தங்குகிறது என்று அளந்திருந்தார்கள். அடியடுக்கு பெரும்பாலும் கலவையில் தங்கும் நீரைக் குறைத்தது. கூட்டியது மிக அரிது. கார்ட்னர் காட்டியது பொய்யன்று. எல்லையில் நீர் தயங்குவது மெய்யே. ஆனால் தடுப்புக்குப் பின் கண்டதைத் தொட்டிக்கும் பொருத்திச் சொன்ன நம்மைப் போன்றவர்கள், தொட்டியை அளந்து பார்க்கவில்லை. உபதேசியாரிடம் சென்று, "ஐயா, நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது போலும்" என்றோம். "போலும்னா என்ன சாமி?" என்று கேட்டார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வெட்டுக்காயத்தில் சாணமோ தாரோ பூசும் வழக்கத்தை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆராய்ந்தார். மரங்களை நெடுக அறுத்து உள்ளே பார்த்தவர் அவர். பதின்மூன்று ஆண்டு ஆய்வுகளின் முடிவை 1983-இல் வெளியிட்டார். பூச்சு எதுவும் உள்ளழுகலைத் தடுக்கவில்லை. மரமே காயத்தைச் சுற்றி உள்ளிருந்து சுவர் எழுப்பிக் கொள்கிறது. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்துதான், ஆனால் கையால் நொறுக்கிப் போட்டால் மண்ணில் கரைய நெடுங்காலமாகும். மாவாய் அரைத்தால்தான் பயன். செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் இருப்பது உண்மை. ஆயினும் ஓரத்தில் நான்கு செடி வைத்தால் போதாது. தக்காளிக்கு முன்பே அந்நிலம் முழுவதும் நெருக்கமாகச் சில மாதங்கள் வளர்க்க வேண்டும்.

பாட்டிமார் முழுவதுமாக வென்ற இடமும் உண்டு. யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்தால் உரத்தின் வேகம் நீடிக்கும் என்பதைப் புதுடெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் 1970-களிலேயே சோதித்தார்கள். தழைச்சத்து மண்ணில் மாறி வீணாவதை வேம்பு தாமதப்படுத்துகிறது. 2015-இல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா அனைத்துக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது அரசு. இன்னொன்று, கேட்டபோது நாம் சிரித்தது. பிரேசில் நாட்டில் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பங்கு பாலும் ஒன்பது பங்கு நீரும் கலந்து வாரந்தோறும் தெளித்தபோது, பூசணி இனக் கொடியின் சாம்பல் நோய் மருந்துக்கு இணையாகக் கட்டுப்பட்டது. பிள்ளைகள் குடித்தபின் மிஞ்சும் வீட்டில் மட்டும் இதை முயலலாம்.

இப்போது குருமனைத் திண்ணையில் எட்டு மிளகாய்த் தொட்டிகள் நிற்கின்றன. நான்கில் அடியில் ஓட்டுச்சில்லு, நான்கில் இல்லை. எவை எவை என்பதைப் பீடச் சிறுவர்கள் சீட்டெடுத்து முடிவு செய்தார்கள். நாற்றுகளைத் தந்தவர் அந்தத் தாயே. காசு வாங்க மறுத்துவிட்டார். எந்தத் தொட்டியில் சில்லு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆதலால் காய் பறித்து எண்ணி எழுதும் பொறுப்பையும் அவரிடமே விட்டிருக்கிறோம். நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது. உபதேசியார் சனிக்கிழமைதோறும் கணக்கைக் கேட்டுப் பார்க்கிறார். நாமும் ஒருமுறை கேட்டோம். "கடைசிக் காய் பறிச்சு முடியட்டும் சாமி" என்று சொல்லி, பூவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது மணி பன்னிரண்டரை.