பந்தயம் நடத்துபவரே காவலும் காத்தால்

1999 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்டிகோஸ்டீராய்டு மருந்தின் தடயம் இருந்ததை ‘லெ மோண்ட்’ நாளிதழ் வெளியிட்டது. விதிப்படி, அந்த மருந்தை மருத்துவக் காரணத்துக்காகப் பயன்படுத்துபவர் அதற்கான மருத்துவர் சீட்டை முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். அவர் காட்டவில்லை. செய்தி வெளியான பிறகுதான், சைக்கிள் இருக்கை உரசி வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று ஒரு சீட்டு வந்தது. பழைய தேதி போட்ட சீட்டு. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ அதை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்தது.

ஊக்கமருந்து என்றதும் நாம் ஊசி போட்ட வீரரை மட்டுமே பார்க்கிறோம். சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட அலுவலகத்தை யாரும் கேட்பதில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அலுவலகம்தான்.

1999-க்கு முந்தைய ஆண்டு ஃபெஸ்டினா அணியின் மசாஜ் உதவியாளரின் காரில் பெட்டி பெட்டியாக மருந்துகள் பிடிபட்டு, சைக்கிள் பந்தய உலகமே நாறிப்போயிருந்தது. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து ஜெயிக்கும் ஆர்ம்ஸ்ட்ராங் அந்த நேரத்தில் யூசிஐக்குக் கிடைத்த வரம். பந்தயத்தை வளர்ப்பதும், நட்சத்திரத்தைக் கொண்டாடுவதும், அதே நட்சத்திரத்தைச் சோதித்துத் தண்டிப்பதும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. கடைக்காரரே தன் தராசுக்கு முத்திரை குத்திக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு அது.

2005-ல், ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1999-ஆம் ஆண்டு மாதிரிகளில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததாக ‘லெகிப்’ இதழ் எழுதியது. யூசிஐ ஒரு வழக்கறிஞரை நியமித்து ‘சுதந்திரமான’ விசாரணை நடத்தியது. 2006-ல் வந்த அறிக்கை ஆர்ம்ஸ்ட்ராங்கைக் குற்றமற்றவர் என்றது. மாதிரியைச் சோதித்த ஆய்வகத்தைத்தான் குறை சொன்னது. அந்த அறிக்கை எழுதப்பட்டதில் ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு வழக்கறிஞருக்கே பங்கு இருந்தது, யூசிஐ பின்னர் அமைத்த விசாரணைக் குழு 2015-ல் அறிக்கை தந்தபோது வெளிப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து யூசிஐ நன்கொடைகள் வாங்கியிருந்ததையும் அக்குழு ஆராய்ந்தது. பணம் வாங்கிக்கொண்டு சோதனை முடிவை மறைத்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் அவருக்குச் சலுகை காட்டப்பட்டது என்பது அதன் முடிவு. லஞ்சம் நிரூபணமாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், லஞ்சமே இல்லாமல் இவ்வளவு நடந்ததுதான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது.

விலை கொடுத்தவர்கள் வேறு. ஆர்ம்ஸ்ட்ராங் அணியில் மசாஜ் செய்தவரான எம்மா ஓ’ரைலி, பழைய தேதிச் சீட்டைப் பற்றி வெளியே சொன்னதற்காக வழக்கையும் வசையையும் சந்தித்தார். மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாசோன் சக வீரர்களாலேயே ஒதுக்கப்பட்டு 1999 பந்தயத்தின் பாதியில் விலகினார். முன்னாள் வீரரும் பத்திரிகையாளருமான பால் கிம்மேஜ் மீது யூசிஐயும் அதன் தலைவர்களும் 2012-ல் அவதூறு வழக்கே போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 26 பேரின் சாட்சியங்களோடு ஆதாரங்களை வெளியிட்டது. 11 பேர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய அணித் தோழர்கள். அவரது ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. கிம்மேஜ் மீதான வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

‘என் சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை’ என்று ஒரு வீரர் சொன்னால் அதற்கு எவ்வளவு மதிப்பு? ஈபிஓ ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தம் தடித்துக் கட்டியாக உறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். 2000 வரை அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே நடைமுறையில் இல்லை. 1997-ல் யூசிஐ ஒரு வரம்பு வைத்தது: ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் சில நாள் ஓய்வு. பலர் அதைத் தடையாகப் பார்க்கவில்லை, எதுவரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்காகவே பார்த்தார்கள். 2008-ல் வந்த உயிரியல் கடவுச்சீட்டு முறை மருந்தைத் தேடுவதில்லை. ஒருவரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து, இயல்புக்கு மீறிய மாற்றத்தைப் பிடிக்கிறது.

மறுபக்கமும் உண்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. 2017-ல் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சல்பியூட்டமால் வரம்பைத் தாண்டியிருந்தது. விதிப்படி ரகசியமாக இருக்க வேண்டிய அந்த விவரம் பத்திரிகைகளில் கசிந்தது. ஊர் முழுக்கப் பேசியது. 2018 ஜூலையில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அதற்கான முழுக் காரணங்கள் வெளியிடப்படாததால் சந்தேகம் தீரவே இல்லை. விவரம் கசிந்தது அவருக்கு அநீதி, காரணத்தை மூடிவைத்தது எல்லோருக்கும் அநீதி.

இன்று சைக்கிள் பந்தயங்களின் சோதனைப் பணி யூசிஐ அலுவலகத்தில் இல்லை. 2021 முதல் சர்வதேச சோதனை முகமை அதைப் பார்க்கிறது. முறைகேடு தெரிந்தவர்கள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவுக்கு இணையவழியில் ரகசியமாகத் தகவல் தரலாம். எம்மாவுக்கு அப்படி ஒரு வாசல் இருக்கவில்லை.

வாடாவின் விதித்தொகுப்பு இந்தியாவுக்கும் பொருந்தும். இங்கே 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய முகமையான நாடா செயல்படுகிறது. மாவட்ட அளவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உடலில் தடைசெய்த பொருள் இருந்தால் பொறுப்பு வீரருடையதே என்பதை. ‘கோச் சார் கொடுத்தார்’, ‘ஜிம் பவுடரில் இருந்தது’ என்பவை தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றமே இல்லை என்று ஆக்காது. நோய்க்குத் தடைப்பட்டியலில் உள்ள மருந்து தேவைப்பட்டால் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். முதல் மாதிரியின் முடிவை ஏற்காவிட்டால் ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம். அது திறக்கப்படும்போது உடனிருக்கவும் உரிமை உண்டு. பிறகு விசாரணை, மேல்முறையீடு. சர்வதேச வீரர்களுக்கு லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம்வரை வழி இருக்கிறது.

மாதிரி கொடுக்கும்போது தரும் படிவத்தில் அண்மையில் எடுத்துக்கொண்ட மருந்துகளை, இருமல் சிரப் உட்பட, எழுதுங்கள். பாட்டில் மூடியிலோ அதிகாரி நடந்துகொண்ட விதத்திலோ குறை தெரிந்தால் அதையும் அங்கேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.