உட்புற மின்மெருகேற்றம்

உட்புற மின்மெருகேற்றம் என்பது குழாய், வால்வு, கலன் போன்ற உள்ளீடற்ற உலோகப் பொருட்களின் உட்சுவரை மின்சாரமும் அமிலக் கரைசலும் கொண்டு வழவழப்பாக்கும் முறையாகும். பட்டறைகளில் இது எலக்ட்ரோ பாலிஷ் எனப்படுகிறது. பஃப் சக்கரமோ தேய்ப்புத்தாளோ எட்டாத இடத்துக்கும் கரைசல் சென்றுவிடும். ஆனால் கரைசல் சென்ற இடமெல்லாம் மின்னோட்டம் செல்வதில்லை. இந்த வேறுபாடே இம்முறையின் மையச் சிக்கலாகும்.

செயல்படும் விதம்

இது மின்முலாம் பூசுவதற்கு நேர்மாறான செயல். மெருகேற்ற வேண்டிய பொருள் நேர்மின்வாயாக இணைக்கப்படுவதால் அதன் மேற்பரப்பு கரைகிறது. துருப்பிடிக்காத எஃகுக்குப் பொதுவாகப் பாஸ்பாரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசல் சூடாகப் பயன்படுத்தப்படுகிறது. கரைந்த உலோகம் மேற்பரப்பை ஒட்டிப் பிசுபிசுப்பான படலமாகத் தங்குகிறது. இப்படலம் மேடுகளின் மீது மெல்லியதாகவும் பள்ளங்களில் தடிமனாகவும் இருப்பதால், மேடுகள் விரைவாகக் கரைந்து பரப்பு சமமாகிறது. பிரான்சைச் சேர்ந்த பியர் ஜாக்கே 1930-இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார்.

எஃகிலிருந்து குரோமியத்தைவிட இரும்பு அதிகமாக வெளியேறுகிறது. எனவே பரப்பில் குரோமியம் செறிந்து, அரிப்பைத் தாங்கும் திறன் கூடுகிறது. வழக்கமாக நீக்கப்படுவது 10 முதல் 40 மைக்ரோமீட்டர் தடிமன் மட்டுமே. ஆகவே ஆழமான கீறலும் நெளிவும் இதனால் மறையா. அவற்றை முன்னரே தேய்த்து அகற்ற வேண்டும்.

உட்புறத்தின் சிக்கல்கள்

எதிர்மின்வாய்த் தகடுகள் வெளியே தொங்கும் தொட்டியில் குழாயை மூழ்க வைத்தால் அதன் வெளிப்புறம் பளபளக்கும். உட்புறத்திலோ வாய்ப்பகுதியை ஒட்டிய சிறிதளவே மெருகேறும். அதற்கு அப்பால் மின்னோட்டம் நுழைவதில்லை. எனவே செம்பு அல்லது எஃகுக் கம்பி ஒன்று எதிர்மின்வாயாகக் குழாயின் உள்ளேயே செலுத்தப்படுகிறது.

இக்கம்பி நடு அச்சில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் அதிகமாகக் கரையும்; சுவரைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, தீப்பொறியால் சுவரில் குழி விழும். இதைத் தடுக்க இடையிடையே நெகிழி வளையங்கள் மாட்டப்படுகின்றன.

கம்பியில் ஹைட்ரஜன் குமிழ்கள் உண்டாகின்றன. கிடைமட்டக் குழாயில் இவை மேற்புறத்தில் தேங்கி, கரைசல் சுவரைத் தொடவிடாமல் கோடுகளை உண்டாக்கும். எனவே குழாயைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலாகக் கரைசலைப் பம்பு செய்வது வழக்கம்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. 50 மில்லிமீட்டர் உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 15.7 சதுர டெசிமீட்டர். சதுர டெசிமீட்டருக்கு 20 ஆம்பியர் என்றால் மொத்தம் 314 ஆம்பியர் தேவை. 10 வோல்ட்டில் இது 3 கிலோவாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி குழாய்க்குள்ளேயே வெப்பமாகிறது. கரைசல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவ்வெப்பம் வெளியேறும். நீண்ட குழாய்களில் சிறிய எதிர்மின்வாய் ஒன்றை மெல்ல இழுத்துச் சென்று பகுதி பகுதியாக மெருகேற்றுவதும் உண்டு.

பயன்கள்

சேலம் உருக்காலை போன்ற ஆலைகளில் உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கப்படும் எஃகுத் தகடு, கலனாகவோ குழாயாகவோ பற்றவைக்கப்படும்போது இணைப்பின் உட்புறத்தில் சொரசொரப்பும் நிறமாற்றமும் ஏற்படுகின்றன. பாலோ மருந்துக் கரைசலோ செல்லும் குழாயில் அத்தகைய பள்ளங்களில் எச்சம் தங்கி நுண்ணுயிர்கள் வளரக்கூடும். மருந்து உற்பத்திக் கருவிகளுக்கான அமெரிக்கத் தரநிலையில், மின்மெருகேற்றிய பரப்பு வகைகளுள் ஒன்றுக்குச் சராசரிச் சொரசொரப்பு 0.38 மைக்ரோமீட்டருக்கு மிகக் கூடாது.

நியோபியம் அதிர்வுக்குழிகள்

துகள் முடுக்கிகளில் பயன்படும் நியோபியம் குழிகள் இம்முறையின் கடினமான பயன்பாடாகும். இவை சுமார் 2 கெல்வின் வெப்பநிலையில் மீக்கடத்திகளாக இயங்குகின்றன. ரேடியோ அலை மின்னோட்டம் உட்பரப்பின் மிக மெல்லிய படலத்தில் மட்டுமே பாய்வதால், சிறு முனையோ தூசியோ குழியின் செயல்திறனைக் குறைத்துவிடும்.

குழி கிடைமட்டமாக மெதுவாகச் சுழல, பாதியளவுக்குச் சற்று மேலாகக் கரைசல் நிரப்பப்பட்டு, நடுவில் அலுமினியக் குழாய் எதிர்மின்வாயாக நிற்கிறது. சுழற்சியால் எல்லாப் பகுதியும் கரைசலில் முறைவைத்து மூழ்குகிறது. வாயுவும் மேலே எளிதில் வெளியேறுகிறது. 100 மைக்ரோமீட்டருக்கு மேல் நீக்கிய பின், உயர் அழுத்தத் தூய நீரால் கழுவுகின்றனர். இந்தியாவில் இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையமும் புது தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையமும் நியோபியம் குழிகளை உருவாக்கி வருகின்றன.

பாதுகாப்பு

நியோபியத்துக்கான கரைசலில் கந்தக அமிலத்துடன் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் உள்ளது. இது தோலின் வழியே உட்புகுந்து உடலின் கால்சியத்துடன் வினைபுரியும். வலி தாமதமாகவே தெரியலாம். எனவே முகக்கவசம், அமிலம் ஊடுருவாத கையுறை ஆகியவற்றுடன் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் அருகிலேயே இருக்க வேண்டும். எஃகு மெருகேற்றத்தில் இவ்வமிலம் தேவையில்லை எனினும், சூடான அமிலத்தால் தீக்காயம் ஏற்படலாம். தேங்கும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டம் இன்றியமையாதது. பயன்படுத்திய கரைசலில் குரோமியமும் நிக்கலும் கரைந்திருப்பதால், சுத்திகரிக்காமல் அதைச் சாக்கடையில் விடக் கூடாது.

ஒரு முனை மூடிய துளைகளிலும் திருகுமரைகளிலும் தங்கும் அமிலம் பின்னர் உலோகத்தை அரிக்கும். உட்புறம் கண்ணுக்குத் தெரியாததால், கழுவிய நீரில் அமிலத்தன்மை இல்லை எனச் சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.